அத்திப்பட்டு ஜன்னல் சீட்டிலிருந்து சண்டிகர் சட்டசபை வரை... லே கார்பூசியர் கதை!

கும்மிடிப்பூண்டி லோக்கலில் வேலைக்குப் போய் வருபவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போயிருக்கும். அத்திப்பட்டு பக்கம் ரயில் வரும்போது, கிழக்கே அனல் மின் நிலையத்தின் ராட்சதக் குளிர்விப்புக் கோபுரங்கள் தெரியும். அடியில் அகலம், நடுவில் இடுப்பு மாதிரி ஒடுக்கம், மேலே மறுபடி லேசாக விரிவு. உடுக்கையை நிமிர்த்தி வைத்த மாதிரி. எத்தனையோ தடவை அந்த ரூட்டில் போயிருக்கேன். ஒருதடவைகூட அதை ஒரு அழகான கட்டடம்னு நினைச்சதில்லை. போனில் மூழ்கியிருப்பேன், இல்லைன்னா தூங்கிட்டிருப்பேன்.

சண்டிகரில் அதே உடுக்கையை ஒரு சட்டசபையின் மொட்டைமாடிக்கு மேலே பார்த்தபோதுதான் தூக்கம் கலைந்தது. பஞ்சாபும் ஹரியானாவும் பங்குபோட்டுக்கொள்ளும் அந்தக் கட்டடத்தில், எம்.எல்.ஏ-க்கள் உட்காரும் மன்றமே அந்தக் கோபுரத்துக்குள்தான் இருக்கு. அதை வரைந்தவர் அகமதாபாத் மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரத்தைப் பார்த்து மயங்கி, நோட்டில் கிறுக்கி வைத்துக்கொண்டவர். பெயர் லே கார்பூசியர். 20-ம் நூற்றாண்டின் கட்டடக் கலையையே திருப்பிப்போட்டவர் என்று பாடப் புத்தகங்களில் வரும் அதே ஆள்.

அந்த இடத்தின் பெயர் கேபிடல் காம்ப்ளெக்ஸ். செக்டர் 1-ல் இருக்கு. 2016-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். ஆனா நினைச்ச நேரத்துக்கு உள்ளே போய் செல்ஃபி எடுத்துட்டு வர முடியாது. அடையாள அட்டையைக் காட்டி, சுற்றுலாத் துறை அலுவலகத்தில் பெயர் பதிந்துகொண்டால், சின்னக் குழுவாகச் சேர்த்து ஒரு கைடு அழைத்துப்போவார். நேரம் அடிக்கடி மாறும். கிளம்பும் முன் கேட்டுக்கோங்க. இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 1995 ஆகஸ்ட் 31 அன்று, இங்கே தலைமைச் செயலக வாசலில் வெடித்த குண்டில்தான் பஞ்சாப் முதல்வர் பியாந்த் சிங் கொல்லப்பட்டார். மக்கள் காலாற நடக்கணும்னு அவர் போட்ட திறந்தவெளி, இன்னைக்கு முள்கம்பியும் துப்பாக்கியுமாக இருக்கு.

எங்கள் குழுவில் பாதிப் பேர் ஆர்க்கிடெக்சர் மாணவர்கள். மீதிப் பேர் என்னை மாதிரி, எதைப் பார்க்கணும்னே தெரியாதவங்க. நடக்க நடக்கத்தான் இந்த மனிதரின் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிச்சேன்.

1887 அக்டோபர் 6-ம் தேதி, சுவிட்சர்லாந்தின் லா ஷோ-த-ஃபோன் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஷார்ல்-எதுவார் ஜான்ரே. ஊரே கடிகாரம் செய்து பிழைத்த ஊர். அப்பா கடிகார முகப்புகளுக்கு எனாமல் பூசுகிறவர். அம்மா பியானோ டீச்சர். பையனையும் கடிகார உறையில் சித்திரம் செதுக்கும் படிப்பில்தான் சேர்த்தார்கள். கண் பார்வை பலவீனம். அந்த நுணுக்க வேலை ஒத்துவராது என்று புரிந்த அவருடைய ஆசிரியர், கட்டடம் பக்கம் திருப்பிவிட்டார். 20 வயதுக்குள் ஊரில் ஒரு வீட்டை வடிவமைத்தும்விட்டார். அதுக்கப்புறம் பாரிஸில் ஒருவரிடம், பெர்லினில் ஒருவரிடம் வேலை. 1911-ல் கிழக்கு ஐரோப்பா, துருக்கி, கிரீஸ் என்று ஒரு நீண்ட பயணம். ஆர்க்கிடெக்சரில் ஒரு டிகிரிகூட அவர் வாங்கவில்லை.

1914-ல் அவர் ஒரு படம் வரைந்தார். ஆறு தூண், மூன்று தளம், ஒரு படிக்கட்டு. அவ்வளவுதான். சுவர்கூடக் கிடையாது. பாரத்தைத் தூண் தாங்கிக்கொள்ளும். சுவரை எங்கே வேணும்னாலும் வெச்சுக்கலாம், ஜன்னலை எவ்வளவு நீளமா வேணும்னாலும் திறக்கலாம் என்பதுதான் விஷயம். கான்கிரீட் தூண் அவர் கண்டுபிடிப்பு இல்லை. ஆனா வீடுன்னா என்ன என்பதை அந்த எலும்புக்கூடாகவே காட்டினார். கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி தெருக்களில் பாதி கட்டி நிறுத்திய வீடுகளைப் பாருங்க. தூண், ஸ்லாப், படிக்கட்டு, அடுத்த மாடிக்காக நீட்டிக்கொண்டு நிற்கும் கம்பி. அந்தக் கம்பியில் ஒரு பங்கு இங்கே சிப்காட் பக்கத்து உருக்காலைகளில் உருட்டியதாகவே இருக்கும். அச்சு அசல் அவர் வரைந்த படம்தான் அது, அவர் பெயரே தெரியாத மேஸ்திரிகள் கட்டியது.

1917-ல் பாரிஸில் குடியேறினார். அடுத்த வருடமே இடது கண்ணின் பார்வை போனது. 1920-ல் நண்பர்களுடன் ஒரு பத்திரிகை ஆரம்பித்து, அதில் எழுதுவதற்காக வைத்துக்கொண்ட புனைபெயர்தான் லே கார்பூசியர். புனைபெயர் நிஜப் பெயரை விழுங்கிவிட்டது. சித்தப்பா பெரியப்பா வழித் தம்பி முறையான பியர் ஜான்ரே 1922-ல் கூட்டாளியாகச் சேர்ந்தார். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

வீடு வரைந்துகொண்டே நகரங்களையும் வரைந்தார். அங்கேதான் எனக்கு அவர்மேல் கோபம் வருது. 1925-ல் பாரிஸின் நடுப்பகுதியை இடித்துவிட்டு, அங்கே 18 ராட்சதக் கோபுரங்களை வரிசையாக நிறுத்தலாம்னு திட்டம் போட்டார். அங்கே குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள் என்பது அவருக்குப் பெரிய கேள்வியாகவே இல்லை. நல்லவேளை, பாரிஸ் தப்பித்தது. 1931-ல் முடித்த வில்லா சவாய், இன்றைக்கு உலகமே போய்ப் பார்க்கும் வெள்ளை வீடு. ஆனா அதன் சொந்தக்காரருக்கு அது மழை ஒழுகும் வீடு. அந்த அம்மா புகார்க் கடிதமாக எழுதித் தள்ளினார்.

இன்னும் இருக்கு. பிரான்சின் தென்கடற்கரையில், எய்லீன் கிரே என்ற பெண் வடிவமைப்பாளர் 1929-ல் ஓர் அருமையான வீட்டை முடித்திருந்தார். 1930-களின் கடைசியில் விருந்தாளியாகத் தங்கிய லே கார்பூசியர், அதன் சுத்தமான வெள்ளைச் சுவர்களில் கிரேயைக் கேட்காமலே பெரிய பெரிய ஓவியங்களைத் தீட்டிவிட்டார். கிரே அதை மன்னிக்கவே இல்லை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியிடம் பணிந்த விஷி அரசிடம் வேலை கேட்டு மாதக்கணக்கில் வாசலில் காத்திருந்தார். கிடைக்கவில்லை. அதே நேரம் தம்பி பியர், நாஜிக்களை எதிர்த்த தலைமறைவு இயக்கத்தில் இருந்தார். இருவரும் பிரிந்தார்கள்.

60 வயதைத் தாண்டியும் அவர் வரைந்த முழு நகரம் ஒன்றுகூடக் கட்டப்படவில்லை. அந்தச் சமயத்தில்தான் இந்தியா வந்து கதவைத் தட்டியது.

பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனதால், இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகரமே இல்லாமல்போனது. புதுசா ஒண்ணு கட்டணும். முதலில் திட்டம் போட்டவர்கள் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயரும், போலந்துக்காரரான மேத்யூ நோவிட்ஸ்கியும். 1950-ல் நோவிட்ஸ்கி விமான விபத்தில் இறந்துபோக, பி.என்.தாப்பர் என்ற அதிகாரியும், பி.எல்.வர்மா என்ற தலைமைப் பொறியாளரும் ஆள் தேடி ஐரோப்பா கிளம்பினார்கள். லண்டனில் மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ தம்பதி சம்மதித்தார்கள். பாரிஸில் லே கார்பூசியர், வருடத்துக்கு இரண்டு தடவை வந்துபோவேன் என்று ஒப்புக்கொண்டார். அப்படியானால் இங்கேயே தங்கி வேலையை யார் பார்ப்பது? பிரிந்துபோன தம்பி பியர்தான். போர் பிரித்தவர்களை சிவாலிக் மலையடிவாரம் சேர்த்துவைத்தது.

1951 பிப்ரவரியில் வந்தார். ஒரு விருந்தினர் விடுதியில் உட்கார்ந்து, சில நாள்களிலேயே மேயரின் வளைந்த சாலைகளை நேராக்கி, நகரத்தைக் கட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு செக்டரும் 800 மீட்டர் அகலம், 1,200 மீட்டர் நீளம். உடம்பு மாதிரி யோசித்தார். தலை, செக்டர் 1. இதயம், கடைவீதியான செக்டர் 17. வீடுகளைப் பெரும்பாலும் பியர், ஃப்ரை, ட்ரூவிடமும் இந்திய ஆர்க்கிடெக்ட்களிடமும் விட்டுவிட்டு, அந்தத் தலையை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டார்.

அதைத்தான் எங்கள் குழு இரண்டு மணி நேரம் நடந்து பார்த்தது. உயர் நீதிமன்றம் 1955-ல் முடிந்தது. பச்சை, மஞ்சள், சிவப்புத் தூண்கள். கட்டடத்துக்கு மேல் குடை மாதிரி இன்னொரு கூரை. இடையில் காற்று ஓடும். வெயிலுக்கு பிரமாதம். மழைச்சாரலுக்கு அவ்வளவு சமத்து இல்லை. நீதிபதிகள் முணுமுணுத்த பிறகு வராந்தா ஒன்றைச் சேர்த்தார்கள். வில்லா சவாய் சொந்தக்காரம்மா சிரித்திருப்பார்! கொஞ்ச தூரத்தில் நிழல் கோபுரம். நம்ம ஊர் சன்ஷேடையே தனிக் கட்டடமாக நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். வெயில் எந்தப் பக்கம் இருந்தாலும் உள்ளே நிழல் மாறாதபடி கணக்குப் போட்டு அடுக்கிய கான்கிரீட் தடுப்புகள். சென்னை வெயிலில் வளர்ந்த எனக்கு, மொத்த வளாகத்திலும் ரொம்பப் பிடித்தது அதுதான்.

சட்டசபையின் பெரிய கதவைப் பார்க்கும்போது அவருடைய அப்பா ஞாபகம் வந்தார். இரண்டு பக்கமும் வண்ண எனாமல் தகடுகள். சூரியன், நதி, மரம், மிருகங்கள் என எல்லாம் அவரே வரைந்தது. அப்பா உள்ளங்கை அகலக் கடிகாரத்தில் செய்த வேலையை, மகன் வீட்டைவிட உயரமான கதவில் செய்திருக்கிறார்.

இதையெல்லாம் கட்டியது யார்? அந்தக் காலத்துப் புகைப்படங்களில் பதில் இருக்கு. கட்டைகளைக் கட்டிய சாரம், அதன்மேல் சரிவாகப் போட்ட பலகைப் பாதை, அதில் பாண்டு சட்டியில் கான்கிரீட்டைத் தலையில் சுமந்து வரிசையாக ஏறும் பெண்கள். நம்ம ஊர் சித்தாள்கள் மாதிரியேதான். இயந்திரம் குறைவு, மனிதர்கள் நிறைய. சென்ட்ரிங் பலகையின் தடம்கூட மறையாமல் சுவரை அப்படியே சொரசொரவென்று விட்டார், பூச்சு கிடையாது. அந்தச் சொரசொரப்பை ஸ்டைல்னு உலகம் கொண்டாடுது. தொட்டுப்பார்த்தால் யாரோ ஒருத்தரின் ஒருநாள் கூலி வேலை அது.

அரசு ஊழியர்களுக்கு பியூன் முதல் முதலமைச்சர் வரை 13 வகை வீடுகளைத் திட்டமிட்டார்கள். பியூன் வீட்டுக்கும் தண்ணீரும் கழிப்பறையும் உண்டு. அந்தக் காலத்துக்கு அது சாதாரண விஷயம் இல்லை. ஆனா சட்டி சுமந்தவர்களுக்கு அந்த 13-ல் இடம் இல்லை. தற்காலிகக் குடிசைக் காலனிகளில் இருந்தார்கள். நகரம் வளர வளர அப்புறப்படுத்தப்பட்டார்கள். நகரம் வருவதற்கு முன் அங்கே உழுதுகொண்டிருந்த கிராமங்களும் காலி செய்யப்பட்டவைதான். பாரிஸை இடிக்க வரைந்த கைதானே இது? கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசலில் ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒடிசாவும் பீகாரும் பேசுகிற கூட்டத்தைப் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஒரு ரூமில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

தனக்கென்று அவர் கட்டிக்கொண்டதும் ஒரு ரூம்தான். கிரேயின் வீட்டுக்குப் பின்னாலேயே, 1952-ல் ஒரு மரக்குடில். 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர். உயரம் 2.26 மீட்டர், ஆறடி மனிதர் கையைத் தூக்கினால் தொடும் உயரம் என்று அவர் வைத்திருந்த அளவு. மனைவி இவோன் 1957-ல் இறந்தார். அம்மா 1960-ல். அதுக்கப்புறமும் வருடத்துக்கு இரண்டு தடவை சண்டிகர் வருவதை நிறுத்தவில்லை. 1965 ஆகஸ்ட் 27 காலையில், டாக்டர் பேச்சைக் கேட்காமல் அந்தக் குடிலுக்குக் கீழே கடலில் நீந்தப் போனவர், பிணமாகத்தான் கரை சேர்ந்தார். வயது 77. பாரிஸில் லூவ்ர் முற்றத்தில் அரசு மரியாதையோடு நடந்த அஞ்சலியில், கிரேக்க மண்ணோடு கங்கை நீரும் வைத்தார்கள்.

அவர் ரொம்ப ஆசைப்பட்ட திறந்த கை நினைவுச்சின்னத்தை அவர் பார்க்கவில்லை. 26 மீட்டர் உயரத்தில், காற்றில் திரும்பும் அந்தக் கையை 1985-ல்தான் நிறுவினார்கள். எங்கள் குழு கடைசியாக நின்ற இடம் அது. எல்லோரும் அதன்கீழே கையை விரித்துப் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

கைடு விடைபெற்றதும் நேராக பஸ் ஏறிவிடாதீங்க. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் சுக்னா ஏரி இருக்கு. செக்டர் 5-ல் பியர் ஜான்ரே குடியிருந்த வீடு இப்போ மியூசியம். அண்ணன் வந்து வந்து போன ஊரில், அவர் 1965 வரை தங்கி, வீடுகளும் பள்ளிகளும் வரைந்தார். அலுவலகங்களுக்காக அவர் செய்த தேக்கு நாற்காலிகள் இன்று வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் விலைபோகின்றன. 1967-ல் ஜெனிவாவில் இறந்தார். அவர் விருப்பப்படி அஸ்தியைக் கொண்டுவந்து சுக்னா ஏரியில் கரைத்தார்கள். சாயங்காலம் அங்கே பெடல் படகு வாடகைக்குக் கிடைக்கும்.