மாண்டிசோரி அம்மையார்

ஹெப்பகோடியில் நான் குடியிருக்கும் தெருவில் மழலையர் பள்ளி ஒன்று உண்டு. அதன் பலகையில் இத்தாலிய அம்மையார் ஒருவரின் பெயர் இருக்கிறது. அவ்வழியே செல்வோரில் எத்தனை பேர் அது ஒரு பெண்ணின் பெயர் என்று அறிவர்? விஞ்ஞானம் பயிலும் நாம் அவர் வரலாற்றை அறிவது நலம்.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். பெண்கல்வி இத்தாலிக்கு முற்றும் புதியதன்று. 1678-லேயே எலெனா கொர்னாரோ என்னும் மங்கை பதுவா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1732-ல் லாரா பாஸி பொலோனா நகரில் பேராசிரியையானார். ஆயினும் இவை அத்தி பூத்தாற்போன்றவை. பல்கலைக்கழகக் கதவுகள் பெண்களுக்குப் பொதுவாகத் திறந்தது 1870-களில்தான். திறந்த பின்னரும் உள்ளே நுழைந்தவர் மிகச் சிலர்.

மரியாவின் தந்தை அரசாங்க உத்தியோகஸ்தர். மகள் ஆசிரியையானால் போதும் என்பது அவர் எண்ணம். மகளோ ஆண்பிள்ளைகளே மிகுதியாகப் பயின்ற தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மருத்துவம் கற்க விரும்பினார். தாயே துணை நின்றார். ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில், ஆண்களுடன் கூடிப் பிணத்தை அறுத்துப் பயில்வது பெண்ணுக்குத் தகாது என்றனர். எல்லாரும் சென்ற பின், அவர் தனியே அப்பயிற்சியைச் செய்தார். 1896-ல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

மனநோய் மருத்துவப் பணியில், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளைக் கண்டார். அவர்களுக்கு மருந்தினும் கல்வியே வேண்டும் என உணர்ந்தார். 1898-ல் அவருக்கு மாரியோ என்னும் மகன் பிறந்தான். அம்மையார் மணமாகாதவர், செய்தி வெளியானால் தொழிலும் பெயரும் அழியும். ஆகவே குழந்தை நாட்டுப்புறத்தில் பிறரிடம் வளர்ந்தது. ஊரார் குழந்தைகளுக்கு உழைத்தவர் தம் குழந்தையைப் பிரிந்திருந்தார். படித்த பெண்ணிடம் அன்றைய உலகம் கேட்ட விலை அது!

1907 ஜனவரி 6-ஆம் நாள் ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் பகுதியில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். பெற்றோர் கூலிவேலைக்குப் போக, கேட்பாரற்றுத் திரிந்த சிறுவர்களே அவருடைய முதல் மாணவர்கள். விஞ்ஞானி ஆய்வுக்கூடத்தில் காண்பது போல் அவர்களை உற்று நோக்கினார். குழந்தை தன் கையால் செய்து தானே கற்கும் என்பது அவர் கண்ட உண்மை.

முசோலினி அரசு அவர் பள்ளிகளை முதலில் ஆதரித்துப் பின்னர் மூடியது. 1939-ல் அம்மையார் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அங்கே முதல் பயிற்சிக்கே முந்நூறுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் கூடினர். 1940-ல் இத்தாலி போரில் இறங்கவே, பிரிட்டிஷ் அரசு மாரியோவைச் சிறைவைத்தது. அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளை ஒட்டி அவரை விடுவித்தது. முன்பு ஊருக்கு அஞ்சிப் பிரிந்த மகன், முதுமையில் நம் மண்ணில் தாயிடம் திரும்பினார். கோடைக்கானலிலும் தங்கிப் பணிசெய்த அம்மையார், 1952-ல் ஹாலந்தில் காலமானார்.

எங்கள் தெருப் பள்ளியின் எதிரே கட்டடம் ஒன்று எழுகிறது. சித்தாள்களின் குழந்தைகள் மணற்குவியலில் விளையாடுகின்றன. எதிரே பலகையில் இருக்கும் பெயர் இத்தகைய குழந்தைகளால் உலகறிந்த பெயர். ஆனால் அந்தப் பள்ளியின் கட்டணம் அவர்கள் பெற்றோருக்கு எட்டாதது. வாரத்தில் ஒரு மாலையேனும் அந்த மணலருகே நாம் சென்று அமரலாகாதா?