பொறியைப் பிரித்துப் படித்த பேரறிஞர் ஜி. டி. நாயுடு

செய்யுளைப் பதம் பிரித்துப் பொருள் காண்பாரைப் புலவர் என்று போற்றுகின்றோம். பொறியை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, அதன் இயக்கம் காண்பாரை அப்பெயரால் அழைப்பாரிலர். அவர்தம் கைகளிற் படிந்த எண்ணெய்க் கறையே நம் கண்ணுக்குத் தோன்றுகின்றது. அக்கைகள் கற்ற கல்வி தோன்றுவதில்லை. இக்குறை இன்று நேற்று வந்ததன்று. இதனை நினைக்குந்தோறும் கொங்கு நாட்டிற் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளியை நீங்கி, பின்னர்ப் பொறியியற் கல்லூரி ஒன்றையே தோற்றுவித்த ஒரு பெருமகனின் வாழ்வு என் நெஞ்சில் எழுகின்றது. அவரே கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு. நம் ஈழநாட்டு மாணவருள் அவர் பெயரைக் கேட்டறிந்தோர் சிலரே ஆதலின், அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்க விழைகின்றேன்.

கோயமுத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், வேளாண் குடியொன்றில், 1893 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23 ஆந் திகதி அவர் பிறந்தார். கோபாலசாமி துரைசாமி நாயுடு என்பது முழுப்பெயர். மட்டக்களப்புத் தமிழகம் ஈன்ற விபுலாநந்த அடிகளார் காரைதீவிற் பிறந்தது 1892 ஆம் ஆண்டு மார்ச்சு 27 ஆந் திகதி. இருவருக்கும் இடையே ஓராண்டு கூட நிறையவில்லை. ஒருவர் தொழிலதிபர், மற்றவர் துறவி. எனினும் இவ்விருவரையும் ஒருங்கு வைத்து எண்ணுதற்கு ஏதுவொன்று உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

இளமையிலேயே தாயை இழந்த நாயுடுவுக்குப் பள்ளிக்கூடம் உவப்பாக அமையவில்லை. குறும்பும் பிடிவாதமும் மிக்க சிறுவராய், தொடக்கப் பள்ளியோடு படிப்பை விடுத்துத் தந்தையாரின் வயலிற் பணிபுரிந்தார். அந்நாளில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் அவ்வூர்ப் பக்கம் வந்தார். மாடுமின்றிக் குதிரையுமின்றித் தானே ஓடிய அவ்வண்டி இளைஞரின் உள்ளத்தைக் கவர்ந்தது. அதனை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதன்று அவர் கொண்ட ஆசை. அதன் வயிற்றினுள் யாது உளது என அறிதலே அவர் வேண்டியது.

ஆசையை நிறைவேற்றக் கையிற் பணமில்லை. கோயமுத்தூர் சென்று உணவு விடுதி ஒன்றிற் பரிமாறும் பணியை ஏற்றார். ஏறத்தாழ 3 ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த சில நூறு ரூபாயைக் கொடுத்து அம்மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியவர் அதன்மேல் ஏறி ஊர்வலம் வந்தாரல்லர். முற்றாகக் கழற்றினார், ஒவ்வோர் உறுப்பையும் நோக்கினார், மீண்டும் பூட்டினார். இதுவே அவர் பயின்ற பல்கலைக்கழகம்.

இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியனாகிய எனக்கு இச்செயலின் அருமை நன்கு புலப்படுகின்றது. ஒரு பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் எனப் பிரிக்க மாணவருக்குக் கற்பிக்கின்றோம். பிரித்தவை மீண்டும் புணர்ந்து அதே சொல்லாக வருதல் வேண்டும். வாராதாயின் பிரித்தது பிழை. இயந்திரத்திலும் அவ்வாறே. மீளப் பூட்டிய பின் ஓர் ஆணி கையில் எஞ்சி நிற்குமாயின் கற்றது நிரம்பவில்லை என்பது பொருள். ஆனால் நம் பாடத்தில் நேர்ந்த பிழையை ஆசிரியர் சுட்டவேண்டும். பொறியோ தன் பிழையைத் தானே சுட்டும். அதனைக் கெஞ்சியும் இயக்கவியலாது, மிரட்டியும் இயக்கவியலாது.

நாயுடு கண்டறிந்த அவ்வியக்கம்தான் யாது? எரிபொருளாவியும் காற்றும் உருளைக்குள் உறிஞ்சப்படுகின்றன. நம் விஞ்ஞான நூல்கள் முசலம் என வழங்கும் பிஸ்டன் அக்கலவையை அமுக்குகின்றது. மின்பொறி பட்டதும் கலவை எரிந்து முசலத்தைத் தள்ளுகின்றது. எஞ்சிய புகை வெளியேறுகின்றது. உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் என்னும் இந்நான்கு செயல்களும் ஒன்றன்பின் ஒன்றாய், காலம் தவறாது நிகழ்ந்தாலன்றி வண்டி ஓடாது. உலக்கையைக் குறித்த முசலம் என்னும் பழஞ்சொல் இப்புதுப் பொருளுக்கு எத்துணைப் பொருத்தமாய் அமைந்துள்ளது என்பதைத் தமிழ் மாணவர் எண்ணி மகிழலாம்.

பின்னர் நாயுடு பஞ்சு வாணிகத்திற் புகுந்து பொருள் ஈட்டினார். பம்பாயிற் பெருவாணிகம் செய்யப் புகுந்து ஈட்டியதை இழந்தார். இழந்தவர் சோர்ந்தாரல்லர். கோயமுத்தூரிலிருந்த ஸ்டேன்ஸ் துரை அவர்மீது நம்பிக்கை வைத்துப் பண உதவி செய்ய, 1920 ஆம் ஆண்டிற் பஸ் ஒன்றை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அவ்வொரு வண்டி யுனைவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெருநிறுவனமாய் வளர்ந்தது. 1930களில் 200க்கு மேற்பட்ட வண்டிகள் அதன்கண் ஓடின. காலந் தவறாமையும் கணக்கொழுங்கும் அந்நிறுவனத்தின் இரு கண்களாய் விளங்கின.

ஆயினும் பிறர் செய்த வண்டியை ஓட்டிப் பொருள் குவிப்பதோடு அவர் மனம் அமையவில்லை. தம் பணிமனைகளைச் சோதனைச் சாலைகளாக்கினார். உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு சவரக் கருவியை அமைத்தார். அது ஜெர்மனியிற் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தது. டி. பாலசுந்தரம் நாயுடுவோடு கூடி 1937 ஆம் ஆண்டில் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்துகாட்டினார். 1941 ஆம் ஆண்டில் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாவுக்குத் தரவியலும் என நிறுவினார். மண்ணெண்ணெயால் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப் பதியும் பொறி என அவர் கைபட்ட பொருள்கள் பல. ஏழைக்கும் எட்டும் விலையிற் பொருள் செய்தல் வேண்டும் என்பதே இவற்றுட் பலவற்றின் அடியில் நின்ற நோக்கம்.

அந்நோக்கத்தின் முடிமணியாக வந்தது 1952 ஆம் ஆண்டில் அவர் அமைத்த இரண்டு இருக்கைப் பெற்றோல் மோட்டார் கார். விலை 2000 ரூபாய் என வகுத்தார். ஒருகால் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் படித்த இளைஞர், இப்பொழுது சாமானியரும் ஏறத்தக்க காரைத் தம் நாட்டிலேயே செய்யத் துணிந்தார். ஆனால் அது தெருவுக்கு வரவில்லை. இந்தியாவில் 1951 ஆம் ஆண்டுத் தொழில் ஒழுங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்த காலம் அது. உரிமம் இன்றிப் பெருந்தொழில் எதனையும் தொடங்கவியலாது. அரசு அவருக்கு உரிமம் வழங்க மறுத்தது. வரிச்சுமையும் அவரை வருத்தியது. தாம் செய்த பொருள்களைத் தாமே பலர்முன் உடைத்துக்காட்டித் தம் சினத்தை வெளியிட்டார்.

பெற்ற பிள்ளையைத் தாயே அடிப்பது போன்ற அச்செயலை நான் போற்றுகின்றேனல்லேன். ஆயினும் அதன் பின்னிருந்த வேதனையை உணர்கின்றேன். ஆற்றல் உள்ளவனுக்கு வாயில் அடைக்கப்படுமாயின் இழப்பு அவனோடு முடிவதில்லை. அக்காரைச் செய்திருக்கக்கூடிய தொழிலாளர், அவர்பாற் பயின்றிருக்கக்கூடிய இளைஞர், அவ்விளைஞர் பின்னாளிற் செய்திருக்கக்கூடிய புதுப் பொறிகள் யாவும் பிறவாமலே போயின.

கல்வித் துறையிலும் அவர் வழி தனிவழியே. 1945 ஆம் ஆண்டிற் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் கோயமுத்தூரில் தொழிற் கல்லூரி எழக் காரணராய், அதன் முதல் அதிபராகவும் அமர்ந்தார். அதுவே இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என விளங்குகின்றது. பொறியியல் பயில 4 ஆண்டுகள் வேண்டா, 2 ஆண்டுகளே அமையும் என்பது அவர் துணிபு. அரசு அதற்கு இசையவில்லை; அவர் விலகினார்.

இவ்விடத்தில் நாயுடுவோடு நான் முற்றும் உடன்படவியலாது. கைப்பயிற்சி மட்டும் கொண்டு எட்டவியலாத இடங்களும் பொறித்துறையில் உள. சான்றாக, டர்போ எனப்படும் அமைப்பைக் கொள்வோம். எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகையின் விசையாற் சிறு சக்கரம் ஒன்றைச் சுழற்றி, அதனோடு ஓர் அச்சிற் பூட்டிய மற்றொரு சக்கரத்தால் புறக்காற்றை அமுக்கி உருளைக்குட் செலுத்துவது அது. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாய் எரியும்; சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சினின் ஆற்றலைத் தரும். இதனைச் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியலர் அல்பிரட் பூக்கி 1905 ஆம் ஆண்டிலேயே எண்ணிக் காப்புரிமை பெற்றார். நடைமுறையில் வெற்றி காண அவருக்கு 20 ஆண்டுகள் சென்றன. மக்கள் ஏறும் கார்களில் அது அமெரிக்காவில் 1962 ஆம் ஆண்டிலேதான் இடம்பெற்றது. வெப்பக் கணிதமும் உலோக இயலும் கைகொடாதிருப்பின் அது ஏட்டிலேயே நின்றிருக்கும். கை முந்தலாம், நூல் முந்தலாம். இரண்டும் கூடாமற் பயன் முற்றாது.

அக்கூட்டத்துக்கு எடுத்துக்காட்டாகவே விபுலாநந்த அடிகளாரை முன்னர்க் குறித்தேன். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதராகிய அவர் கொழும்பில் விஞ்ஞானமும் பயின்று, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். மறைந்துபோன யாழ்களைப் பழந்தமிழ் நூல்களிலிருந்து தேடி, நரம்பின் நீளத்தையும் சுருதியின் அளவையும் கணிதத்தால் வகுத்து, 1947 ஆம் ஆண்டில் யாழ் நூலை அரங்கேற்றினார். அவரும் சிதறிக் கிடந்த உறுப்புகளைச் சேர்த்துப் பூட்டியவரே. புலமையும் பொறியும் பகையல்ல என்பதை நம் வாவிக்கரைப் பெரியாரே வாழ்ந்து காட்டியுள்ளார்.

இவ்வுண்மை இன்று நமக்கு வேண்டப்படுகின்றது. வாவியின் மேற்கே படுவான்கரையில் வயலுக்கு நீர் இறைக்கும் பம்பும், உழவுக்கும் சுமைக்கும் உதவும் கைட்ராக்டரும் இல்லாத ஊர் அரிது. அவற்றைத் திருத்திப் பழகிய மாணவன் ஒருவன் என்னிடம் தமிழ் பயின்றான். புத்தகப் பையில் எப்போதும் ஒரு சாவித்திறப்பான் கிடக்கும். இவனுக்குப் புத்திசொல்லி எழுதுவினைஞர் சோதனைக்கு அனுப்பவேண்டும் என்று அவன் தாயார் என்னிடம் வந்து கண்கலங்கினார். எண்ணெய்க் கையோடு திரியும் பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பர் என்பதும் அவ்வம்மையாரின் கவலை. நான் பொறியை விடும்படி அவனுக்குச் சொல்லவில்லை. கணிதத்தை விடாதே என்று மட்டும் சொன்னேன்.

இன்று அவனுக்குச் சொந்தமாகக் கராஜ் உண்டு. வீட்டு மாமரத்தின் கீழ்ப் பழைய ஜப்பானியப் பந்தயக் கார் ஒன்றை நிறுத்தி, அதன் எஞ்சினை அகற்றி, தான் டர்போ பூட்டி அமைக்கும் வேறோர் எஞ்சினை அதில் இறக்க முயல்கின்றான். அமுக்கம் எல்லை கடந்தால் ஹெட் காஸ்கட் வெடிக்கும், முசலம் உருகும் என்பதையும், சுழல்சக்கரத்தின் அச்சுக்கு எண்ணெய் அறாது பாயவேண்டும் என்பதையும் அவன் எனக்கு விளக்கியபோது, தாளில் எண்களை எழுதிக் கணக்கிட்டே விளக்கினான். இப்பொழுது அவன் தாயாரே அயலாருக்கு அவ்வண்டியைக் காட்டுகின்றார்.

நாயுடு 1974 ஆம் ஆண்டு சனவரி 4 ஆந் திகதி மறைந்தார். அவர் திரட்டியவையும் ஆக்கியவையும் கோயமுத்தூரிற் காட்சிக்கு உள்ளன. அவர் பெயர் தாங்கிய கார்க் காட்சிச்சாலை ஒன்றும் 2015 ஆம் ஆண்டில் அங்குத் திறக்கப்பட்டது. கண்டு வியத்தற்கு அவை சாலும். ஆனால் அவர் வாழ்வு நம்மிடம் வேண்டுவது வியப்பன்று. ஒவ்வொரு பள்ளியிலும் பழுதாகிய பம்பு ஒன்றையேனும் மேசைமேல் வைத்து, கழற்றிப் பூட்டுக என்று மாணவரிடம் விடுத்தல் ஆசிரியராகிய நமக்கு இயலாத செயலன்று. பூட்டிய பின் அது ஓடுமாயின், செய்யுளுக்குப் பொருள் கூறிய மாணவனுக்கு இடும் அதே புள்ளியை அவனுக்கும் இடுவோமாக.