பட்டம் இல்லாத சண்டைகள்

குத்துச்சண்டை என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருபவர் முகமது அலி. 1942-ல் அமெரிக்காவில் லூயிவில் நகரில் பிறந்தார். பன்னிரண்டு வயசில் அவருடைய சைக்கிள் திருட்டுப் போச்சு. புகார் கேட்ட போலீஸ்காரரே அவருக்குக் குத்துச்சண்டை சொல்லிக் கொடுத்தார். 1960-ல் ஒலிம்பிக் தங்கம், 1964-ல் ஹெவிவெயிட் உலகப் பட்டம்!

1967-ல் வியட்நாம் போர் சமயத்தில் ராணுவத்தில் சேர மறுத்தார். பட்டத்தைப் பிடுங்கிவிட்டார்கள். மூன்றரை வருஷம் மேடை ஏறவே விடவில்லை.

எனக்குப் பிடித்தது அதுக்கு அப்புறம்தான். 1970-ல் ஜெர்ரி குவாரியை மூன்றே சுற்றில் ஜெயித்தார். 1971-ல் தன்னைத் தோற்கடித்த ஜோ பிரேசியரை 1974 ஜனவரியில் வென்றார். இரண்டுக்கும் உலகப் பட்டம் கிடையாது. ஆனாலும் உயிரைக் கொடுத்து ஆடினார். அதே 1974 அக்டோபரில் ஜார்ஜ் போர்மேனை வீழ்த்தி, பட்டத்தைத் திரும்ப வாங்கினார்.

1980-ல், நம்ம சின்னசேலத்தில் ரயில் ஏறினால் போய்விடலாமே, அந்தச் சென்னைக்கே வந்தார்! நேரு ஸ்டேடியத்தில் நண்பர் ஜிம்மி எல்லிஸுடன் மோதிக் காட்டினார். முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். அதிலும் பட்டம் இல்லை, மக்கள் சந்தோஷம்தான்.

2016-ல், நான் ஸ்கூல் சேருவதற்கு முன்பே, அலி இறந்துவிட்டார்.

நாங்க கபடி ஆடிட்டு வந்தால் கப் எங்கே என்றுதான் கேட்கிறார்கள். எப்படி ஆடினோம் என்றும் கேளுங்களேன், நண்பர்களே!