ஹால்டேனும் என் இரத்தமும்

கலியாணத்துக்கு முந்தைய பரிசோதனையில் நான் தலசீமியா காவி என்று வந்தது. அப்போதுதான் ஜே.பி.எஸ். ஹால்டேனைத் தேடி வாசித்தேன். 1892இல் ஒக்ஸ்போர்டில் பிறந்தவர். முதலாம் உலகப் போரில் காயப்பட்டவர். விமானக் குண்டுவீச்சிலிருந்து மக்களைக் காக்க ஆழமான பதுங்குகுழிகள் வேண்டுமென்று பிரித்தானிய அரசோடு மல்லுக்கட்டியவர். பதுங்குகுழியின் அருமையை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் பிள்ளையை வாட்டும் இந்த மரபணு விகாரம் ஏன் அழிந்துபோகவில்லை? ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கிறது, அவர்கள் பிழைத்துப் பிள்ளை பெறுகிறார்கள், விகாரமும் கூடவே தங்குகிறது என்று 1949இல் ஊகித்தார். பிற்கால ஆய்வுகள் அதற்கு வலுச் சேர்த்தன. என் அம்மம்மா வன்னியில் மலேரியாவுக்குத் தப்பியவர்.

1957இல் கல்கத்தா வந்த ஹால்டேன், இந்தியக் குடியுரிமையும் பெற்று, 1964இல் புவனேஸ்வரில் புற்றுநோயால் இறந்தார்.

அவரும் காவியென்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. அவருடைய இரத்த முடிவு வியாழக்கிழமை வரும்.