கூப்பிடு தூரத்து இயற்கை

இயற்கையை அறிய அடர்ந்த காட்டுக்குத்தான் போக வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கோடை விடுமுறையில் பிள்ளைகளை முதுமலைக்கோ டாப்சிலிப்புக்கோ அழைத்துச் செல்கிறோம். யானை தென்பட்டால் மகிழ்கிறோம். தென்படாவிட்டால் செய்த செலவு வீண் என்று அலுத்துக்கொள்கிறோம். நம் தெரு மின்கம்பியில் நாள்தோறும் வந்து அமரும் கரிச்சான் மட்டும் கண்ணில் படுவதே இல்லை.

இந்த எண்ணத்துக்கு நேர் மாறாக வாழ்ந்து காட்டியவர் மா. கிருஷ்ணன். அவர் மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்தியக் கானுயிர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்களின் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் இவர், நம் ஊர்க்காரர், தமிழிலும் எழுதியவர் என்பதை இன்றைய இளம் பெற்றோர் பலர் அறியார்.

1912 ஜூன் 30-ஆம் தேதி திருநெல்வேலியில் பிறந்தார் கிருஷ்ணன். தந்தை, 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா; எட்டுப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை கிருஷ்ணன். உப்பு, சுங்கத் துறைப் பணியிலிருந்து விலகிய மாதவையா சென்னை மயிலாப்பூரில் குடியேறி, 'பஞ்சாமிர்தம்' என்ற இதழை நடத்தினார். 1925-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில் தமிழைப் பட்டப் படிப்பில் கட்டாயப் பாடமாக்க வலியுறுத்திப் பேசிய அன்று, அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

அந்நாளைய மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூர் அன்று. புதர்க்காடும் பனைமரங்களும் சூழ்ந்த அப்பகுதியில் நரிகள் திரிந்தன; வெளிமான்களும் உண்டு. சிறுவன் கிருஷ்ணன் கீரிப்பிள்ளை ஒன்றை வளர்த்தான். பின்னாளில் இந்தியக் காடுகள் பலவற்றையும் நடந்து அறிந்த அவருக்கு, முதல் பாடசாலையாக அமைந்தது வீட்டைச் சுற்றியிருந்த அந்தப் புதர்வெளிதான்.

இரண்டாவது பாடசாலை மாநிலக் கல்லூரி. அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்த பைசன், நீலகிரி, பழனி மலைத் தாவரங்களைத் தொகுத்து நூலாக்கியவர். அவர் நடத்திய மலைப் பயணங்களில் மாணவர் கிருஷ்ணனும் உடன் சென்றார். செடியை அது முளைத்த இடத்திலேயே பார்க்கும் பழக்கம் அங்கே அவருக்கு வாய்த்தது. பேராசிரியரின் மனைவி நீர்வண்ணத்தில் தாவரங்களை வரைபவர். ஓவிய நுட்பங்களை அவரிடம் கிருஷ்ணன் கற்றுக்கொண்டார். பின்னாளில் தம் கட்டுரைகளுக்குத் தாமே படம் வரைந்ததற்கு அதுவே அடித்தளம்.

1936-இல் சட்டப் பட்டமும் பெற்றார். ஆனால், வழக்குரைஞர் தொழில் அவரை ஈர்க்கவில்லை. 1942-இல், இன்றைய கர்நாடகத்தின் பல்லாரி மாவட்டத்தில் இருந்த சண்டூர் சமஸ்தானத்தில் பணியில் சேர்ந்தார். ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், மன்னரின் அரசியல் செயலர் எனப் பல பொறுப்புகளை வகித்தார். சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் வேறு அரசுப் பணியை நாடாமல் சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் புகைப்படத்தையும் நம்பி வாழத் துணிந்தார். நிலையான வருமானத்தைத் துறப்பதன் பொருளை, பொருளியல் கற்பித்த எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1950-இல் கொல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் அவர் தொடங்கிய பத்தி, 1996 பிப்ரவரி 18 அன்று அவர் மறையும் வரை, 46 ஆண்டுகள் தொடர்ந்து வெளிவந்தது. அதில் யானையும் காட்டெருதும் வரும். அதே மதிப்புடன் அணிலும் காகமும் மைனாவும் பல்லியும் வரும். மாடியிலும் கொல்லையிலும் கண்டவற்றைக் காட்டில் கண்டவற்றுக்குக் குறைந்தவையாக அவர் கருதவில்லை.

புகைப்படக் கலையிலும் அதே எளிமை. வெவ்வேறு கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே உருவாக்கிய காமிராவில் கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தார். இன்று பறவை பார்த்தல் என்றாலே விலையுயர்ந்த நீண்ட லென்ஸ் வேண்டும் என்று தயங்கும் நடுத்தரக் குடும்பங்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

அவருக்கு 1970-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. நேரு நினைவு ஆய்வு நிதியின் உதவியுடன் தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளை ஆராய்ந்து நூல் எழுதினார். புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும் இடம்பெற்றார். அயல்நாட்டு மரங்களை நட்டுப் பசுமை என்று பெயர் சூட்டுவதை விடாமல் எதிர்த்தார். இந்த மண்ணுக்குரிய மரங்களே இந்த மண்ணின் உயிர்களைத் தாங்கும் என்பது அவர் நிலைப்பாடு.

தமிழுக்கு அவர் செய்த பணி தனியே குறிப்பிடத்தக்கது. தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்காகப் பறவைகளைப் பற்றி எழுதினார். வேடந்தாங்கல் பற்றித் தமிழில் எழுதினார். சங்க இலக்கியம் கூறும் மரம், செடி, விலங்குகளை இயற்கை அறிஞரின் கண்கொண்டு ஆராய்ந்தார். ஒரு பறவையைத் தாய்மொழிப் பெயரால் அறியாதவரைக் குழந்தைக்கு அது அயலாகவே இருக்கும். அவரது தமிழ் எழுத்துகளைப் பிற்காலத்தில் தியடோர் பாஸ்கரனும் பெருமாள்முருகனும் தொகுத்து நூலாக்கியிருக்கின்றனர்.

கிருஷ்ணன் கூட்டம் சேர்ப்பவர் அல்லர். தனித்து நடப்பவர், வெளிப்படையாகப் பேசுபவர். குடும்பங்களை அழைத்துக்கொண்டு நடைபயணம் நடத்திய வழிகாட்டியாக அவரை நான் சித்திரிக்கவில்லை. ஆனால், அத்தகைய நடைகளுக்குத் தேவையான அடிப்படை அவர் வாழ்க்கையில் இருக்கிறது: பக்கத்தில் இருப்பதைப் பார், மீண்டும் மீண்டும் பார், பார்த்ததைக் குறித்து வை, அதன் பெயரைத் தெரிந்துகொள்.

இதை நான் வாழும் சென்னையின் மேற்குப் புறநகருக்குப் பொருத்திப் பார்க்கிறேன். என் தலைமுறைப் பொருளியலாளர்களுக்கு ஆவடி என்றால், 1955-இல் சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானம் நிறைவேறிய காங்கிரஸ் மாநாடு. அம்பத்தூர் என்றால் தொழிற்பேட்டை. ஆனால், ஊர்ப் பெயர்களோ வேறு கதை சொல்கின்றன. திருவேற்காட்டில் வேலமரம் இருக்கிறது, திருமுல்லைவாயிலில் முல்லைக்கொடி, மாங்காட்டில் மா, வேப்பம்பட்டில் வேம்பு. திருவேற்காட்டில் பிறந்து வளரும் பிள்ளைக்கு வேலமரத்தை அடையாளம் காட்டுவோர் எத்தனை பேர்?

ஊர்தோறும் ஏரிகளும் உண்டு. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றில் சில கழிவுநீராலும் ஆக்கிரமிப்பாலும் நலிந்திருக்கின்றன. அப்படியும் பறவைகள் நம்மைக் கைவிடவில்லை. முக்குளிப்பானும் நாமக்கோழியும் நத்தைகுத்தி நாரையும் இன்னும் வருகின்றன. ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடைபாதையுடன் பசுமைப் பூங்கா 2019-இல் திறக்கப்பட்டது. காலையில் அங்கே நூற்றுக்கணக்கானோர் நடக்கின்றனர். பெரும்பாலோர் பார்ப்பது கைப்பேசியில் கூடும் காலடிக் கணக்கை. கரையோர நாணலை அன்று.

இதில் என்ன இழப்பு என்று கேட்கலாம். விலை இல்லாத பொருளைச் சந்தை காப்பாற்றாது என்பது பொருளியலின் பால பாடம். விலை இல்லாததோடு பெயரும் தெரியாத பொருளைச் சமூகமும் காப்பாற்றாது. வெறும் தண்ணீர்த் தேக்கமாகத் தெரியும் ஏரியில் ஒரு மூலையைத் தூர்த்தால் யாருக்கும் உறைக்காது. அந்த மூலையில்தான் நீலத் தாழைக்கோழி கூடு கட்டும் என்று நூறு குடும்பங்களுக்குத் தெரிந்திருந்தால், நூறு குரல்கள் எழும்.

இது வெறும் கற்பனை இல்லை என்பதற்குக் கிருஷ்ணன் எழுதிய வேடந்தாங்கலே சான்று. ஏரிப் பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அவ்வூர் உழவர்கள் அறிந்திருந்தனர். பறவைகளைத் துப்பாக்கிக்காரர்கள் சுட்டபோது முறையிட்டனர். 1798-இல் செங்கற்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேஸிடம் பாதுகாப்பு உறுதியும் பெற்றனர். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. கானுயிர்ச் சட்டங்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, ஓர் ஊரின் அறிவு ஓர் ஏரியைக் காத்தது. பொது வளத்தை மக்களே பேண முடியும் என்பதற்கு வகுப்பில் நான் பல ஆண்டுகள் சொல்லிவந்த உதாரணம் இதுதான்.

எனவே, குடும்பத்தோடு போகும் இயற்கை நடை என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. ஊரைக் காக்கும் அறிவை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றும் வழி. சென்னையில் 1978 முதல் இயங்கிவரும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகள் இந்த மரபை வளர்த்திருக்கின்றன. பொங்கல் நாள்களில் தமிழகமெங்கும் நடைபெறும் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் பங்கேற்கலாம். இவை ஒவ்வொரு புறநகர் ஏரிக்கும் வந்து சேர வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவில்லாதவை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி, ஒரே ஏரிக்கரை. இரண்டு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் போதும். பிள்ளைகள் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். தாத்தா பாட்டியும் உடன் வரட்டும். கிராமத்தில் வளர்ந்த பாட்டிக்குத் தெரிந்த கீரைகளும் செடிகளும் பல பட்டதாரிகளுக்குத் தெரியா. ஐப்பசி மழைக்குப் பின் நிரம்பிய ஏரியையும், மார்கழியில் வலசை வரும் வாத்துகளையும், சித்திரையில் வெடித்த தரையையும் ஒரே குழந்தை ஓராண்டில் பார்த்துவிட்டால், பருவங்கள் பற்றிய பாடம் அதன் மனத்தில் நின்றுவிடும்.

மாநகராட்சிகளுக்கும் கடமை உண்டு. கரை நெடுக நடைபாதைக் கல் பதிப்பதோடு, அங்குள்ள மரங்கள், பறவைகளின் தமிழ்ப் பெயர்ப் பலகைகளையும் வைக்கலாம். பூங்காக்களில் அயல்நாட்டு அலங்காரச் செடிகளுக்குப் பதிலாக வேம்பும் புங்கமும் நாவலும் பனையும் நடலாம். பள்ளிகள் மாதம் ஒரு பாடவேளையை ஏரிக்கரைக்கு ஒதுக்கலாம். அதனால் மதிப்பெண் குறைந்துவிடாது.

மயிலாப்பூரின் புதர்வெளி இன்று இல்லை. அதில் திரிந்த நரியும் வெளிமானும் கிருஷ்ணனின் வாழ்நாளிலேயே மறைந்தன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஏரிகள் இன்னும் இருக்கின்றன. கூப்பிடு தூரத்தில் இருக்கும் அவற்றை நம் பிள்ளைகளுக்கு இப்போதே அறிமுகம் செய்துவைப்போம்.