3 ஓட்டில் லண்டன் எம்.பி. ஆன தாதாபாய் நவ்ரோஜி! பட்டறைத் தொழிலாளிகள் ஜெயிக்க வைத்த கதை

லண்டன் மாநகரின் நடுவே மத்திய பின்ஸ்பரி என்று ஒரு பார்லிமெண்ட் தொகுதி இருந்தது. 1885-ல் உருவாகி 1918-ல் காணாமல் போன தொகுதி. மொத்தமே 33 வருஷம்தான் ஆயுசு. அந்த குட்டி தொகுதியை இந்தியா மறக்க முடியாதபடி செய்தவை வெறும் 3 ஓட்டுகள்.

அந்த 3 ஓட்டில் ஜெயித்தவர் தாதாபாய் நவ்ரோஜி.

1825 செப்டம்பர் 4-ந்தேதி ஏழை பார்சி குடும்பத்தில் பிறந்தவர். 4 வயதில் அப்பா இறந்துபோனார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா மானெக்பாய் தனி ஆளாக நின்று மகனை வளர்த்தார். பம்பாயில் அப்போது இலவசமாக நடந்த பள்ளிக்கூடம் மட்டும் இல்லையென்றால் தாதாபாய் படித்திருக்கவே முடியாது. படிப்பில் கெட்டிக்காரர். எல்பின்ஸ்டன் கல்லூரியில் வெள்ளைக்காரர்கள் மட்டுமே உட்கார்ந்த பேராசிரியர் நாற்காலியில் கணக்கு வாத்தியாராக உட்கார்ந்தார். 1855-ல் வியாபாரத்துக்காக லண்டனுக்குக் கப்பல் ஏறினார். நடுவில் கொஞ்ச காலம் பரோடா சமஸ்தானத்தின் திவான் வேலையும் பார்த்தார்.

ஆனால் அவர் மனசெல்லாம் ஒரே கணக்கில்தான் இருந்தது. இந்தியாவில் ஒரு ஆள் ஒரு வருஷத்துக்கு சராசரியாக என்ன சம்பாதிக்கிறான்? அரசாங்கத்தின் புள்ளிவிவரங்களையே எடுத்து வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். வந்த விடை 20 ரூபாய். மாசத்துக்கு இல்லை, வருஷத்துக்கு! மிச்சப் பணமெல்லாம் சம்பளம், பென்ஷன், வட்டி என்று இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்ததை ஆதாரத்தோடு சொன்னார். இதை அந்த ஊர் பார்லிமெண்டுக்கு உள்ளேயே போய்ச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தார்.

முதல் தேர்தலில் தோல்வி

1886-ல் லிபரல் கட்சி சார்பில் லண்டன் ஹோல்போர்ன் தொகுதியில் நின்றார். தாதாபாய்க்கு 1,950 ஓட்டு. எதிரிக்கு 3,651. படுதோல்விதான். ஊருக்குப் புதுசு, பிரசாரத்துக்கு நாளும் இல்லை.

அவரை பிரபலமாக்கியது எதிர்க்கட்சிக்காரரே. 1888 நவம்பரில் எடின்பரோவில் பேசிய பிரதமர் சாலிஸ்பரி, ஒரு கறுப்பு ஆளைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு ஆங்கிலேய ஜனங்கள் இன்னும் வரவில்லை என்ற அர்த்தத்தில் வாயை விட்டார். நாடு முழுக்க கண்டனம். தமாஷ் என்னவென்றால், பிரதமரை விட தாதாபாய்தான் நிறம் அதிகம் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அதுவரை பெயரே தெரியாதவர்களுக்கும் நவ்ரோஜி யார் என்று தெரிந்துபோச்சு.

கடிகாரப் பட்டறை ஏரியா

அடுத்து அவர் குறி வைத்தது மத்திய பின்ஸ்பரி. கிளர்க்கன்வெல் பகுதிதான் அதன் இதயம். தெருவுக்குத் தெரு கடிகாரப் பட்டறை, நகைப் பட்டறை, அச்சாபீஸ் என்று கைவேலைக்காரர்கள் நெருக்கிக்கொண்டு வாழ்ந்த இடம். 1885-ல் லிபரல் கட்சியின் ஸ்பென்ஸ்லி ஜெயித்தார். மறு வருஷமே கன்சர்வேடிவ் கட்சியின் பென்டன் தட்டிப் பறித்தார். பென்டன் லேசுப்பட்ட ஆள் இல்லை. பக்கத்தில் உள்ள பென்டன்வில் என்ற ஏரியாவே அவர் குடும்பத்தின் பெயரில்தான் இருக்கிறது.

எதிரி வெளியில் மட்டும் இல்லை. உள்ளூர் லிபரல் கட்சியில் ஒரு கோஷ்டி ரிச்சர்ட் ஈவ் என்பவரைத்தான் நிறுத்த வேண்டும் என்று அடம்பிடித்தது. 1888-ல் தொடங்கிய இந்த உட்கட்சிச் சண்டை வருஷக்கணக்கில் இழுத்தது. தாதாபாய் அசரவில்லை. கூட்டம் கூட்டமாகப் போய் பேசினார். 8 மணி நேர வேலை, அயர்லாந்துக்கு சுயாட்சி, பெண்களுக்கு ஓட்டுரிமை என்று தொகுதிக்காரர்களின் பிரச்சினையையும் தூக்கிப் பிடித்தார். விளக்கேந்திய நர்சம்மா பிளாரன்ஸ் நைட்டிங்கேலும் ஆதரவு கொடுத்தார். ஆனால் அவருக்கே அந்த நாட்டில் ஓட்டு கிடையாது!

1892 ஜூலையில் தேர்தல். தாதாபாய்க்கு அப்போது வயது 66. ஓட்டை எண்ணி முடித்ததும் 5 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். பென்டன் விடவில்லை. கோர்ட்டுக்குப் போனார். எந்தச் சீட்டில் குறி சரி, எந்தச் சீட்டு செல்லாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணியபோது தாதாபாய் 2,959, பென்டன் 2,956. வித்தியாசம் 3. ஒரு ஆட்டோவில் ஏறும் ஆட்கள்தான்!

இவருக்கு முன்பே 1841-ல் இந்திய வம்சாவளி கலந்த டைஸ் சோம்பர் என்பவர் சட்பரி ஊரில் ஜெயித்திருக்கிறார். ஓட்டுக்குக் காசு கொடுத்த புகாரில் அந்த தேர்தலே செல்லாமல் போச்சு. பிரிட்டிஷ் பார்லிமெண்டில் முதல் இந்திய எம்.பி. என்று தாதாபாயைச் சொல்வது அதனால்தான். பைபிளுக்குப் பதில் பார்சிகளின் வேதமான அவெஸ்தாவை வைத்து உறுதிமொழி எடுத்துக்கொண்டார்.

கலெக்டர் பரீட்சை

அப்போது ஐ.சி.எஸ். பரீட்சை லண்டனில் மட்டும்தான் நடக்கும். நம்ம ஊர்ப் பையன் கலெக்டர் ஆக வேண்டுமானால் கடன் வாங்கியாவது கப்பல் ஏற வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நினைத்தும் பார்க்க முடியாத செலவு. இந்தியாவிலும் அதே நேரத்தில் பரீட்சை நடத்த வேண்டும் என்ற தீர்மானம் 1893 ஜூன் 2-ந்தேதி சபைக்கு வந்தது. தாதாபாய் அதற்காக விடாமல் பாடுபட்டார். ஆதரவு 84, எதிர்ப்பு 76. தீர்மானம் ஜெயித்தது. அரசாங்கமோ அதைக் கிடப்பில் போட்டது. இந்திய மண்ணில் அந்த பரீட்சை நடந்தது 1922-ல்தான். அதைப் பார்க்க தாதாபாய் உயிரோடு இல்லை.

எம்.பி.க்களுக்கு அந்தக் காலத்தில் சம்பளமும் கிடையாது. 1911-ல்தான் சம்பளம் வந்தது. எல்லாம் கைக்காசு.

1895 தேர்தலில் லிபரல் கட்சியே நாடு முழுக்க சரிந்தது. மத்திய பின்ஸ்பரியில் மாஸ்ஸி மெயின்வேரிங் ஜெயிக்க, தாதாபாய் வீட்டுக்கு வந்தார். அதே தேர்தலில் பக்கத்து பெத்னல் கிரீனில் பவ்நாக்ரி என்ற இன்னொரு பார்சி எம்.பி. ஆனார். அவர் கன்சர்வேடிவ் கட்சி, வெள்ளைக்கார ஆட்சிக்கு ஜே போட்டவர்.

அப்புறமும் தாதாபாய் ஓயவில்லை. 1906-ல் 80 வயதில் வடக்கு லாம்பெத்தில் நின்றார். கிடைத்தது 733 ஓட்டு மட்டும். அதே வருஷ கடைசியில் கல்கத்தா காங்கிரசுக்கு 3-வது முறையாக தலைமை ஏற்று, சுயராஜ்யம்தான் லட்சியம் என்று அறிவித்தார்.

மத்திய பின்ஸ்பரியில் 1906-ல் தொழிற்சங்கத் தலைவர் ஸ்டெட்மன் ஜெயித்தார். 1910-ல் நடந்த 2 தேர்தலிலும் கன்சர்வேடிவ் கட்சியின் ஆர்ச்சர் ஷீ. அதோடு கதை முடிந்தது. 1917 ஜூன் 30-ந்தேதி பம்பாயில் 91 வயதில் தாதாபாய் காலமானார். மறு வருஷம் தொகுதி மறுசீரமைப்பில் மத்திய பின்ஸ்பரியும் இல்லாமல் போச்சு. மும்பையில் சி.எஸ்.எம்.டி. ரெயில் நிலையத்தை ஒட்டி ஓடும் பெரிய சாலைக்கு அவர் பெயர். கிளர்க்கன்வெல்லிலும் நவ்ரோஜி தெரு என்று ஒரு சின்னத் தெரு இருக்கிறது.