பூட்டு செய்பவரின் மகன் ஓம்

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பூட்டு செய்து பிழைத்தவர் யோகான் வுல்ஃப்காங் ஓம். கணிதத்தையும் அறிவியலையும் தாமாகவே கற்று, தம் பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தார். 1789 மார்ச் 16ஆம் தேதி அவருக்குப் பிறந்த மகன்தான் கியோர்க் சைமன் ஓம். மின்தடைக்கு நாம் எழுதும் ‘ஓம்’ என்ற அலகு இவருடைய பெயர்தான்.

1805இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஓமுக்கு நடனம், பில்லியர்ட்ஸ், பனிச்சறுக்கு ஆகியவற்றில்தான் நாட்டம் அதிகம். கோபமடைந்த தந்தை மூன்று பருவங்களோடு படிப்பை நிறுத்திவிட்டார். சுவிட்சர்லாந்துக்குப் போன ஓம் ஒரு பள்ளியில் கணிதம் கற்பித்தார். ஓய்வு நேரத்தில் தாமே படித்தார். 1811இல் எர்லாங்கன் திரும்பி முனைவர் பட்டமும் பெற்றார். விளையாட்டில் வீணான காலத்தை அவரே மீட்டுக்கொண்டார் எனலாம்.

1817இல் கொலோன் நகர உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். அங்கே நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது. கம்பியின் நீளம் கூடினால் மின்னோட்டம் எவ்வளவு குறைகிறது என்பதே அவருடைய கேள்வி. 1825இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். அது தவறு. அவர் பயன்படுத்திய மின்கலத்தின் வலு, சோதனை நடக்கும்போதே மாறிக்கொண்டிருந்ததுதான் சிக்கல்.

ஆய்விதழின் ஆசிரியர் போகண்டார்ஃப் ஒரு வழி சொன்னார்: மின்கலத்துக்குப் பதில் வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்துவது. பிஸ்மத்தையும் செம்பையும் இரண்டு இடங்களில் இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் ஓம் வைத்தார். வெப்பநிலை வேறுபாடு மாறாததால் மின்னழுத்தமும் மாறவில்லை. சிறிய அழுத்தம்தான், ஆனால் நிலையானது. ஒரே தடிமனும் வெவ்வேறு நீளமும் கொண்ட எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். 1826இல் சரியான விதி கிடைத்தது: மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். கம்பியின் தடையோடு சுற்றின் மற்றப் பகுதிகளின் தடையையும் அவர் கூட்டிக்கொண்டார். தேர்வில் மின்கலத்தின் உட்தடையை மறந்து மதிப்பெண் இழப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இதே வகுத்தலை நம் குளியலறையில் போட்டுப் பார்ப்போம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஈரமான உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் வரை இறங்கலாம். விடை 0.23 ஆம்பியர். உயிரைப் பறிக்க இது போதும். ஆனால் 20 ஆம்பியர் ஃபியூசுக்கு இது பொருட்டே இல்லை. அது வயர் தீப்பிடிக்காமல் காக்க மட்டுமே. ஆளைக் காப்பது, 0.03 ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் மற்றொரு கருவி. சுவிட்ச் பெட்டியில் ‘டெஸ்ட்’ பொத்தானோடு இருப்பது அதுதான்.

1827இல் ஓம் தம் ஆய்வைக் கணித முறையில் விளக்கி பெர்லினில் நூலாக வெளியிட்டார். பல்கலைக்கழகப் பதவி கிடைக்கும் என்று நம்பியிருந்தார். ஜெர்மன் அறிஞர்கள் பலர் நூலை அலட்சியப்படுத்தினர். சிலர் கடுமையாகத் தாக்கினர். மனமுடைந்த ஓம் 1828இல் கொலோன் வேலையையும் விட்டுவிட்டார். பிறகு சில ஆண்டுகள் பெர்லினில் குறைந்த வருமானத்தில் கணிதம் கற்பித்துக் காலம் தள்ளினார். 1833இல்தான் நியூரம்பெர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

அங்கீகாரம் வெளிநாட்டிலிருந்து வந்தது. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்ளி பதக்கம் வழங்கியது. இளமையிலிருந்து ஆசைப்பட்ட பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி 1852இல் மியூனிக்கில் கிடைத்தபோது அவருக்கு 63 வயது. இரண்டே ஆண்டுகளில், 1854 ஜூலை 6ஆம் தேதி, அங்கேயே காலமானார். 1881இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு வோல்ட், ஆம்பியர் ஆகியவற்றுடன் ஓம் என்ற பெயரையும் உலகப் பொது அலகாக ஏற்றுக்கொண்டது.